நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மாலையைக் கழற்றித் தபேதாரிடம் கொடுத்து இருபது நிமிஷமாகியும் அதன் தண்ணீர் மட்டும் போகவில்லை. வாடாமலிருக்கட்டும் என்று பூக்காரன் வாளியில் முக்கியெடுத்துக் கொடுத்திருப்பான் போலிருக்கிறது. வராந்தாவில் வக்கீல் சங்கத்துக்காரர்கள் அதை அப்படியே கழுத்தில் போட, பிடரி வழியாகக் காலருக்குள் இறங்கி, முதுகில் ஒரு கோடாக ஓடி, இடுப்பில் வந்து தங்கிவிட்டது. பேருக்குத்தான் ரோஜா மாலை, வந்ததென்னவோ வாளி நாற்றம். துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. தலைமை நீதிபதியின் கோர்ட் ஹாலில், மேடையில், நடுநாயகமாக உட்கார்ந்துகொண்டு, ஐந்நூறு வக்கீல்கள் பார்த்திருக்க, ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் சட்டைக்குள் கையை விட்டு முதுகைத் துடைத்தால் நன்றாகவா இருக்கும்? நீதியரசர் சொ. வைரவநாதனுக்கு அறுபத்திரண்டு முடிகிறது. பன்னிரண்டு வருஷ ஜட்ஜ் உத்தியோகம் இன்றோடு சரி. எல்லா ஜட்ஜுக்கும் நடக்கிற வழியனுப்பு விழாதான். இரண்டு பக்கமும் சக நீதிபதிகள் கறுப்பு அங்கியும் வெள்ளைப் பட்டையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வரிசையில் பட்டுப்புடவையில் மனைவி உமையாள், அவளுக்குப் பக்கத்தில் ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்த சொந்தபந்தம். பேச்சு முடிந்து, போட்டோ எடுத்து, டீ குடித்து, சேம்பருக்குப் போனால் மேஜைமேல் பன்னிரண்டு பக்கம் கிடக்கிறது. கையெழுத்துக்கு. அதில் கையெழுத்துப் போட்டால் சங்கிலிமுத்து என்ற பஞ்சு குடோன் வாட்ச்மேன் இன்னும் ஆறு வருஷம் ஜெயிலில் கிடப்பான். அவன் தீ வைக்கவில்லை என்பது இந்த ஹாலில் ஒரே ஒரு ஜட்ஜுக்குத் தெரியும். அந்த ஜட்ஜுக்குத்தான் இப்போது விழா.

"சொன்ன சொல்லை ஒரு நாளும் திரும்ப வாங்காதவர் நமது நீதியரசர்" என்று அட்வகேட் ஜெனரல் வாசித்துக்கொண்டிருந்தார். ஹாலில் கைதட்டல். அட, உனக்கு யாரப்பா இதையெல்லாம் எழுதிக் கொடுக்கிறது! போன மாசம் இன்னொரு ஜட்ஜ் ஓய்வு பெற்றபோதும் இதே வாசகம்தான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், பரணிலிருந்து எடுத்த பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கதையாக. அன்றைக்கு இவரும் உட்கார்ந்து கைதட்டியவர்தான், தட்டாமல் இருந்தாரா என்ன. மனிதநேயம் என்கிறார், கருணை என்கிறார், ஏழைகளின் கண்ணீர் என்கிறார். மத்தியானம் சங்கத்து விருந்தில் வாயில் திணித்த பாதாம் அல்வா வேறு இன்னும் கடைவாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாக்கால் நெம்பினாலும் வரமாட்டேன் என்கிறது சனியன். நெய் வழிந்த வாய். இந்த வாயால்தானே சொன்னோம். அப்பீல் டிஸ்மிஸ்ட். காரணங்கள் பின்னால். ஏப்ரல் கடைசி, கோடை விடுமுறைக்கு முந்தின கடைசி நாள், மணி நாலு நாற்பது. ஜட்ஜுகள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. முடிவை இன்றைக்குச் சொல்லிவிட்டு, ஏன் என்பதைச் சாவகாசமாக எழுதிக்கொள்வது. முதலில் கதவைச் சாத்திவிட்டு அப்புறம் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தேடுவது. எத்தனை தடவை செய்திருப்போம்? இருபது? நாற்பது? எல்லாம் சரியாகத்தானே வந்தது. வந்ததா? யார் கண்டது. அதைத் தோண்டாதே, அதைத் தோண்டினால் இந்த நாற்காலியிலேயே வாந்தி எடுக்க வேண்டியிருக்கும்.

அன்றைக்கு ஐந்தரைக்கு ரயில். ஊரில் அவர்கள் கோயில் கும்பாபிஷேகம், இருபது வருஷத்துக்கு ஒரு தடவை வருவது, தலையில் பரிவட்டம் கட்டுகிற முதல் மரியாதை இந்தத் தடவை ஜட்ஜ் ஐயாவுக்குத்தான் என்று பங்காளிகள் கூடி முடிவு செய்திருந்தார்கள். உமையாள் மத்தியானத்திலிருந்தே காரில் பெட்டியோடு உட்காராத குறை. இந்த வாட்ச்மேன் கேஸ் மட்டும் பாக்கி. அவன் தரப்பு வக்கீலம்மா ஜெபக்கனி, எப்போதும் காட்டன் புடவை, கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவாள், எழுந்து நின்று, "மை லார்ட், நூத்தி நாப்பத்திமூணாம் பக்கம் ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா போதும்" என்றாள். "வாசிச்சுக்கறேன்மா, உக்காருங்க." "மை லார்ட், கையில தீக்காயம், அவன் அணைக்கப் போனவன்..." "வச்ச கையா அணைச்ச கையான்னு கையைக் கேட்டா சொல்லுமா?" ஹாலில் சிரிப்பு. அரசு வக்கீல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு வந்ததும் உடம்புக்குள் ஒரு சுகம் பரவியதே, அதை எங்கே போய்ச் சொல்வது? பன்னிரண்டு வருஷமாக இந்தச் சுகத்துக்குப் பழகிப்போன நாக்கு. மட்டமான ஜோக்குக்கும் ஹால் சிரிக்கும். வக்கீலாக இருந்த காலத்தில் இதைவிட நல்ல ஜோக் சொல்லியும் ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லை. உடனே கீழே திரும்பி லோகாம்பாளிடம், "இதை எடுக்காதீங்கம்மா" என்றார். லோகாம்பாள் அவருடைய ஸ்டெனோ, முதல் நாளிலிருந்து கூடவே இருப்பவள். ஜட்ஜ் திட்டினது, கிண்டலடித்தது, கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னது எதுவும் ரிக்கார்டில் ஏறக்கூடாது. இதை எடுக்காதீங்க என்றதும் பென்சிலைக் காகிதத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொள்வாள், மறுபடி சொல்லும்வரை இறக்கமாட்டாள். அன்றைக்கும் தூக்கிக்கொண்டாள். டிஸ்மிஸ்ட் என்றபோது இறக்கினாள். ரயிலைப் பிடித்தாயிற்று. மறுநாள் காலை ஈரப் பட்டுத்துணியைத் தலையில் கட்டினார்கள், நாயனம் முழங்கிற்று, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைந்து நின்றார். சீ. எதைக் கட்டிக்கொண்டு நின்றாய் தலையில்!

ஜூலையில்தான் காரணம் எழுத உட்கார்ந்தார். கேஸ் கட்டைப் பிரித்து, பதினோரு சாட்சியையும் வாசித்து, ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம் வந்தது. தாலுகா ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு. தீப்பிடித்த அன்று காலை பத்து நாற்பதுக்குச் சங்கிலிமுத்துவை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து வெந்திருக்கிறது, மருந்து வைத்து மணிக்கட்டுவரை கட்டுப் போட்டாயிற்று, ரேகை வைக்கக் கை இல்லாததால் இடது கால் பெருவிரல் ரேகை வாங்கப்பட்டது என்று டாக்டர் எழுதி, பக்கத்தில் நீல மையில் அந்த விரல். அவ்வளவு பெரிய ரேகை. பார்த்தால் ஒரு வெந்த கிழங்கை நசுக்கி வைத்த மாதிரி. தீ வைத்தவனுக்குக் கை சுட்டிருக்கிறது பார் என்று காட்டப் போலீசே கொண்டுவந்து போட்ட காகிதம் அது. அவர்களும் முழுசாக வாசிக்கவில்லை, கீழ்க்கோர்ட் ஜட்ஜும் வாசிக்கவில்லை. வைரவநாதன் பக்கத்தைப் புரட்டினார். அடுத்தது மகஜர், அதாவது மண்ணெண்ணெய் கேனைக் கைப்பற்றினோம் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அதே நாள், பதினொன்றரை மணி. குற்றவாளி தானே கூட்டிப்போய், வாய்க்கால் கரைப் புதருக்குள்ளிருந்து தானே எடுத்துக்கொடுத்தான். கீழே கையெழுத்து. சங்கிலிமுத்து. சுழித்து, கொக்கி போட்டு, 'த்து'வுக்கு வாலை நீட்டி, பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்து மாதிரி அழகாக. மணிக்கட்டுவரை கட்டுப்போட்டவன் ஐம்பது நிமிஷத்தில் போட்ட கையெழுத்து! அந்தக் கேனும் மகஜரும்தான் மொத்தக் கேஸும். அதை எடுத்துவிட்டால், லீவு தரவில்லை என்று இவன் என்னிடம் சண்டை போட்டான் என்ற முதலாளி வாய்ச்சொல் ஒன்றுதான் மிச்சம். கேஸ் கட்டை மூடிவிட்டு உமையாளைக் கூப்பிட்டு மோர் கேட்டார். மோர் புளித்திருந்தது. மோர் புளித்ததற்கு அவளிடம் அரைமணி நேரம் கத்தினார்.

அதற்கப்புறம் இரண்டு மாசம் அந்தக் கட்டு அலமாரியில். தொடவில்லை. தொட வேண்டியதில்லை என்று மனசு நாள்தோறும் ஒரு காரணம் கண்டுபிடித்தது. கால் ரேகை வாங்குவது அந்த ஆஸ்பத்திரி வழக்கமாயிருக்கலாம். கட்டு லேசாகப் போட்டிருக்கலாம். இடது கையால் போட்டிருக்கலாம். இரண்டு கையும் என்றல்லவா எழுதியிருக்கிறது, இரண்டு கையும். மணி தப்பாக எழுதியிருக்கலாம். எந்த மணி, ஆஸ்பத்திரி மணியா போலீஸ் மணியா? சுப்ரீம் கோர்ட்டில் பார்த்துக்கொள்வார்கள். எதை வைத்துப் பார்ப்பார்கள், உன் தீர்ப்பு நகல் இல்லாமல் அப்பீலே போட முடியாதே. இப்படியே போகும், கடைசியில் அந்தக் கால் விரலில் வந்து முட்டும். போன வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் லோகாம்பாளைக் கூப்பிட்டு டிஸ்மிஸ் தீர்ப்பையே சொல்ல ஆரம்பித்தார். வாய் பாட்டுக்கு வழவழவென்று ஓடியது. நூற்று நாற்பத்திரண்டிலிருந்து நேரே நூற்று நாற்பத்து நாலுக்குத் தாண்டியபோது லோகாம்பாள் பென்சில் நின்றது. "நூத்தி நாப்பத்திமூணு, மை லார்ட்?" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவள், காகிதத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். "அது வேண்டாம்." "சரிங்க மை லார்ட்." பென்சில் மறுபடி ஓடியது. பன்னிரண்டு பக்கம். டைப் அடித்து, கொக்கியில் கோத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டி வைத்திருக்கிறாள். தெரியும் அவளுக்கு. அவள் வாசிக்காமலா இருப்பாள், பன்னிரண்டு வருஷமாக அவர் விட்ட கமாவெல்லாம் போட்டவள். இப்போது தூணோரம் ஸ்டெனோக்களோடு நிற்கிறாள், கையில் வழக்கமான நோட்டு. விழாவுக்கு எதற்கு நோட்டு?

அட்வகேட் ஜெனரல் உட்கார்ந்தார். சங்கத் தலைவர் கோதண்டபாணி எழுந்தார். இவர் தமிழில் பேசுவார், அடுக்குமொழி பேசுவார், மேஜையைக் குத்துவார். "தராசு முள் சாயாத தங்கமே!" என்று ஆரம்பித்தபோது பக்கத்து நீதிபதி வாய்க்குள் சிரித்து, "பிரதர், தங்கம்னுட்டார், உரசிப் பாத்துடப் போறாங்க" என்று முணுமுணுத்தார். வைரவநாதனும் பல்லைக் காட்டினார். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். கைதட்டவில்லை, முறைக்கவும் இல்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல இருந்தாள். மாசம் ஒரு தடவை சேம்பர் வாசலில் வந்து நின்று, "நகல் வந்துடுச்சாக்கா?" என்று லோகாம்பாளைக் கேட்டுவிட்டுப் போவாள். உள்ளேயிருந்து அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் இவர் எழுந்து பாத்ரூம் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வார். ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் காட்டன் புடவைக்குப் பயந்து குழாயடியில் ஒளிகிறான், இவனைத்தான் தங்கம் என்கிறார் கோதண்டபாணி. இன்றைக்கு மத்தியானம் விருந்தில் வரிசையில் வந்து அவளும் கை கொடுத்தாள். நல்ல கை, உலர்ந்த கை. "ஓய்வு நல்லபடி அமையட்டும், மை லார்ட்" என்றவள், போகாமல் ஒரு கணம் நின்று, "அவன் பொண்டாட்டி இன்னைக்கும் வந்திருக்கா. இன்னைக்கு லாஸ்ட் டேன்னு யாரோ சொல்லியிருக்காங்க. கேட் பக்கத்துல உக்காந்திருக்கா" என்றாள். அப்போதுதான் யாரோ அல்வாவைத் திணித்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். வாய் நிறைய அல்வா இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

பண்ணலாம். பண்ண வழி இருக்கிறது, சட்டம் தெரியாத ஆளா இவர். கையெழுத்து விழாதவரை சொன்ன முடிவைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் சேம்பருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. கேஸை மறுபடி கூப்பிட்டு, இரண்டு தரப்பையும் நிற்கவைத்து, திறந்த கோர்ட்டில், தப்பு நடந்துவிட்டது என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். இரண்டு தரப்பு வக்கீலும் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். இவர் கோர்ட் இரண்டு வராந்தா தள்ளி. அரைமணி வேலை. அரைமணி! நாளைக்குப் பேப்பரில் வரும், ஓய்வு நாளில் தீர்ப்பைப் புரட்டிய நீதிபதி என்று. என்ன வாங்கிக்கொண்டு செய்தானோ என்பான் டீக்கடையில் ஒருத்தன். டெல்லியில் ஒரு தீர்ப்பாயத் தலைவர் பதவிக்கு இவர் பெயர் மேலே போயிருக்கிறது, "ரெண்டு வாரம் எதுலயும் பேர் அடிபடாம இருங்க" என்று சட்டச் செயலாளர் காதோடு சொன்னார். பங்களாவைக் காலி செய்துவிட்டு டெல்லிக்குப் போகலாம் என்று உமையாள் பாத்திரங்களைக்கூட இரண்டு விதமாகக் கட்டியிருக்கிறாள். இதெல்லாம் போகும். ஒன்றுமே செய்யாமல் விட்டாலோ, கேஸ் வேறு ஜட்ஜிடம் போகும், முதலிலிருந்து வாதம், வரிசையில் எப்போது வருமோ, இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. எத்தனை அழுக்கான மூளை! மூன்று வழியிலும் தன் உடம்பில் எது படாமல் இருக்கும் என்றுதான் பார்க்கிறது. முதுகில் அந்தத் தண்ணீர் இன்னும் காயவில்லை. ஷூவுக்குள் கால் வேர்த்து நசநசவென்றிருந்தது. இடது பெருவிரலை அசைத்துப் பார்த்தார், சாக்ஸில் வழுக்கியது. மையைத் தடவி, ஆள் கணுக்காலைப் பிடித்து, விரலை அழுத்தியிருப்பார்கள், அவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தியிருப்பான். அந்தக் கைக்கட்டைப் பிரித்து எந்தப் போலீஸ்காரனும் பேனாவைச் செருகவில்லை, அந்தக் கஷ்டம்கூடப் படவில்லை அவர்கள், அவர்களே போட்டுக்கொண்டார்கள். நீ மட்டும் என்ன, நீயும் அதையேதான் போடப்போகிறாய், மஞ்சள் காகிதம் ஒட்டிய இடத்தில். அந்த வாத்தியார் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து. த்தூ. வாயில் ஊறினதைத் துப்ப இடமில்லாமல் அல்வாவோடு விழுங்கினார்.

"ஏற்புரை" என்றார்கள். எழுந்தார். இரண்டு பக்க டைப் அடித்த காகிதம் கையிலிருந்தது. முதல் வரி, 'என் மனம் நிறைந்திருக்கிறது.' வாசிக்க வாயைத் திறந்தார், அது வரவில்லை. மைக்கைக் கையால் மூடி ஒரு தடவை இருமினார். உமையாள் பதறி எழப்போனாள். "நன்றியெல்லாம் அப்புறம் சொல்றேன்," என்றார், ஆங்கிலத்தில் ஆரம்பிக்க நினைத்தது தமிழில் வந்துவிட்டது. "ஏப்ரல்ல ஒரு கிரிமினல் அப்பீல்ல முடிவு சொன்னேன். பஞ்சு குடோன் கேஸ். நாலரை மணிக்கு என் கோர்ட்ல அந்தக் கேஸைத் திரும்பக் கூப்பிடறேன். அரசு வக்கீலும் ஜெபக்கனியும் தயவுசெய்து வந்துடுங்க." ஹால் சிரித்தது. ஜோக் என்று நினைத்துவிட்டார்கள், பழக்கதோஷம், நாலைந்து பேர் கைகூடத் தட்டினார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுகமாக இல்லை, முதல் தடவையாக. சிரிப்பு தானாகத் தேய்ந்து நிற்கும்வரை நின்றுகொண்டேயிருந்தார். தலைமை நீதிபதி இந்தப் பக்கம் சாய்ந்து, இது சந்தர்ப்பமா பிரதர் என்று ஆங்கிலத்தில் பல்லிடுக்கில் கேட்டார். "எனக்கு வேற சந்தர்ப்பம் இல்லை, சீஃப்" என்றார். உட்காரவில்லை. இறங்கி நடந்தார். கோதண்டபாணி கைதட்டத் தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

தபேதார் வெள்ளித்தடியோடு முன்னால் ஓடிவந்து வழக்கம்போல "உஷ், உஷ்" என்று வழி விலக்கினார். வராந்தாவில் விலக யாருமில்லை, கேட் ஓரம் தரையில் ஒரு பெண்பிள்ளை மஞ்சப்பையோடு உட்கார்ந்திருந்தாள், அவள்தான் பதறி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளைப் பார்க்க முடியவில்லை அவரால், தாண்டிப் போய்விட்டார். கோர்ட்டில் மின்விசிறி இன்னும் போடவில்லை. அரசு வக்கீல் மூச்சு வாங்க வந்து கட்டைப் புரட்டினார். பதிவேடு ஒரு பக்கம், மகஜர் ஒரு பக்கம், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏப்ரலில் சிரித்த அதே வாய் இப்போது காய்ந்துபோயிருந்தது. "நான் சொல்றதுக்கு எதுவும் இல்லை, மை லார்ட்" என்றார். ஜெபக்கனி நின்றுகொண்டேயிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிற்று, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வைரவநாதன் சொல்ல ஆரம்பித்தார். கால் ரேகை, கட்டு, ஐம்பது நிமிஷம், கையெழுத்து. அப்பீல் அனுமதிக்கப்படுகிறது, தண்டனை ரத்து, உடனே விடுதலை. மனசு லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து மாசம் எவன் திருப்பிக் கொடுப்பான்? "ஏப்ரலில் இந்தப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி வக்கீல் கேட்டார்" என்றார், "எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் பார்க்கவில்லை. ஒரு ஜோக் சொன்னேன். ஜூலையில் பார்த்தேன், பார்த்த பிறகும் மூடி வைத்தேன்." கீழே பென்சில் நின்றது. லோகாம்பாள் அதை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இது எடுக்க வேண்டாம்தானே, மை லார்ட்?"

"எடுத்துக்கோங்கம்மா" என்றார். "முதல்லேருந்து சொல்றேன்."